சொலிசிட்டர் தொழிற்பயிற்சியின் வரலாறு

இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டத் தொழில் இரண்டு பிரிவுகளாக இயங்குகிறது. உயர் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதிடுவது பெரும்பாலும் பாரிஸ்டரின் வேலை. கட்சிக்காரரை நேரில் சந்தித்து ஆலோசனை சொல்பவர், பத்திரங்களை எழுதுபவர், வழக்கைத் தொடுத்து அதன் ஒவ்வொரு படியையும் கவனிப்பவர் சொலிசிட்டர். காந்தி 1891இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனதால் அந்தச் சொல் தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழகியது. சொலிசிட்டர் என்ற சொல் அந்த அளவுக்குப் பழகவில்லை. இவ்விரு தொழில்களுக்கும் போகும் வழியும் வேறாக இருந்தது. பாரிஸ்டர் ஆக விரும்பியவர் 'இன்' எனப்படும் நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்தார். சொலிசிட்டர் ஆக விரும்பியவர் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில், பள்ளி இறுதித் தேர்வை முடித்த இளைஞர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், சட்ட நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே ஐந்தாறு ஆண்டுகளில் சொலிசிட்டர் ஆகும் திட்டம் இங்கிலாந்தில் தொடங்கியது. செய்தித்தாள்கள் இதைப் புதுமை என எழுதின. உண்மையில் இது மிகப் பழைய வழி. அலுவலகத்தில் வேலை பார்த்துச் சட்டம் கற்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் சட்டப்படியான முறையாகவே இருந்தது. அதற்கான பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

1729ஆம் ஆண்டுச் சட்டம்

அக்காலத்தில் சொலிசிட்டர், அட்டர்னி என்பவை தனித்தனிப் பெயர்கள். பொதுச் சட்ட நீதிமன்றங்களில் வழக்கு நடத்தியவர் அட்டர்னி. சான்சரி எனப்பட்ட சமநீதி நீதிமன்றத்தில் அதே வேலையைச் செய்தவர் சொலிசிட்டர். திருச்சபை நீதிமன்றங்களிலும் கடல்சார் நீதிமன்றத்திலும் இவ்வேலையைப் பார்த்தவர்கள் புரொக்டர்கள். இலங்கையில் 1970களின் தொடக்கம் வரை வழங்கிய 'புரொக்டர்' என்ற பட்டம் இங்கிருந்துதான் வந்தது. 1873க்கும் 1875க்கும் இடையில் நடந்த நீதிமன்றச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு இங்கிலாந்தில் மூவருக்கும் சொலிசிட்டர் என்ற ஒரே பெயர் நிலைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகுதியற்ற அட்டர்னிகள் பெருகிவிட்டதாகப் புகார்கள் எழுந்தன. இதற்கு விடையாக நாடாளுமன்றம் 1729இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அட்டர்னியாகவோ சொலிசிட்டராகவோ பதிவு பெற விரும்புபவர் ஏற்கெனவே பதிவு பெற்ற ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் ஐந்தாண்டுகள் எழுத்தராக இருந்திருக்க வேண்டும். ஓர் அட்டர்னி ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாண்டு முடிந்தபின் நீதிபதி ஒருவர் அவரைச் சோதித்து, தகுதியுள்ளவர் எனக் கண்டால் உறுதிமொழி ஏற்க அனுமதிப்பார்.

அந்த ஒப்பந்தம் பல பிரிவுகளாக எழுதப்பட்டது. ஒவ்வொரு பிரிவும் 'ஆர்ட்டிக்கிள்' எனப்பட்டதால், ஒப்பந்தம் முழுவதற்கும் அந்தப் பெயரே வந்தது. அதில் கையெழுத்திட்ட பையன் 'ஆர்ட்டிக்கிள்டு கிளார்க்' ஆனான். தமிழ்நாட்டில் பட்டயக் கணக்காளர் படிப்பு மாணவர்கள் 'ஆர்ட்டிக்கிள்ஷிப் போகிறேன்' என்று சொல்வதில் இருப்பதும் இந்தச் சொல்தான்.

ஒப்பந்தத்தில் பொதுவாக மூன்று பேர் கையெழுத்திட்டனர்: பையன், அவனுடைய தந்தை அல்லது காப்பாளர், எஜமானர். பையன் உண்மையாக உழைப்பதாகவும், இரகசியம் காப்பதாகவும், எஜமானரின் பணத்தையோ காகிதங்களையோ வீணாக்குவதில்லை என்றும் வாக்களிப்பான். எஜமானர் தம் தொழிலைக் கற்றுக்கொடுப்பதாகவும், காலம் முடிந்ததும் பதிவு பெற உதவுவதாகவும் வாக்களிப்பார். தந்தையின் பங்கு பணம் கொடுப்பது.

தந்தை கொடுத்த பணம்

எஜமானருக்குக் கொடுத்த தொகை 'பிரீமியம்' எனப்பட்டது. கற்றுக்கொடுப்பதற்கான கட்டணம் என்று இதைச் சொன்னாலும், நடைமுறையில் ஒரு தொழிலுக்குள் நுழைவதற்கான விலையாகவே அது இருந்தது. எஜமானரின் பெயரும் ஊரும் பெரிதாக ஆக, தொகையும் பெரிதாகியது. பையனுக்குச் சம்பளம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் எஜமானரின் வீட்டிலேயே தங்கி உண்டனர். பிற்காலத்தில் அந்தச் செலவும் பெற்றோர் தலையில் விழுந்தது.

இதற்கு மேல் அரசுக்கும் ஒரு பங்கு போனது. தொழில் கற்கும் ஒப்பந்தங்களின் பிரீமியத்துக்கு 1710 முதல் வரி இருந்தது. பிரீமியம் 50 பவுண்டு வரை இருந்தால் பவுண்டுக்கு ஆறு பென்ஸ், அதற்கு மேல் போனால் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங். அந்த வரிப் பதிவேடுகள் இன்றும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முன்னோரைத் தேடும் குடும்ப ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். 1794இல் நாடாளுமன்றம் அட்டர்னி எழுத்தர்களின் ஒப்பந்தத்துக்கு மட்டும் 100 பவுண்டு முத்திரை வரி விதித்தது. 1815இல் அது 120 பவுண்டு ஆயிற்று. 1853இல் 80 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. போர்க்காலச் செலவுக்குப் பணம் திரட்டுவது இதன் உடனடி நோக்கம். ஆனால் தொழிலில் இருந்தவர்களுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. கூலிக்காரர், சிறு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அத்தொழிலின் பக்கம் வரமுடியாமல் போனது. இந்த வரியைத் தொழிலின் 'மதிப்பை'க் காக்கும் வேலி என்று வெளிப்படையாகவே ஆதரித்தவர்களும் உண்டு.

பெஞ்சமின் டிஸ்ரேலி 1821 நவம்பரில், பதினேழு வயது நிறைவதற்குச் சற்று முன், லண்டன் நகரில் ஓல்ட் ஜூரி பகுதியில் இருந்த ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். எழுத்தாளரான அவருடைய தந்தை ஐசக் அதற்காக 400 கினி கொடுத்தார். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். மகனுக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. சொலிசிட்டர் ஆகாமலேயே விலகி, நாவல் எழுதி, பின்னாளில் பிரதமரானார்.

சார்லஸ் டிக்கன்ஸ் இதே உலகை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர். கடனால் நொடித்துப்போன குடும்பத்தின் பிள்ளையான அவர், 1827இல் பதினைந்து வயதில் லண்டன் கிரேஸ் இன்னில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் வாரக்கூலிக்கு எடுபிடி எழுத்தராகச் சேர்ந்தார். ஒப்பந்தம் இல்லை, பிரீமியம் இல்லை, ஆகவே அட்டர்னி ஆகும் வாய்ப்பும் இல்லை. ஒன்றரை ஆண்டில் வெளியேறிச் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். அவருடைய 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் டேவிட்டின் அத்தை அவனை ஒரு புரொக்டர் நிறுவனத்தில் சேர்க்க ஆயிரம் பவுண்டு கொடுக்கிறாள். அத்தையின் செல்வம் போனதும், ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்குமா என்று டேவிட் கேட்கிறான். கிடைக்கவில்லை. அதே நாவலில் வரும் உரையா ஹீப் ஒரு வக்கீலின் ஏழை எழுத்தன். இரவில் சட்டப் புத்தகத்தின் மேல் விரலை ஓட்டிப் படிக்கிறான். தன்னைப் போன்றவனுக்கு எட்டாத அந்த ஒப்பந்தத்தை முதலாளி இலவசமாகத் தரப்போவதாக நன்றி பாடுகிறான். வாசகர்கள் அவனை வெறுக்க வேண்டும் என்றுதான் டிக்கன்ஸ் எழுதினார். ஆனால் அவனுடைய பொறாமை எந்த இடத்தில் பிறந்தது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

அலுவலகத்தில் என்ன கற்றார்கள்?

பெரும்பாலான நேரம் நகல் எடுத்தார்கள். தட்டச்சுப் பொறி வராத காலம் அது. ஒவ்வொரு உயிலும், விற்பனைப் பத்திரமும், மனுவும் கையால் எழுதப்பட்டன. தோல் தாளில் அழகிய எழுத்தில் இறுதிப் படியை எழுதுவது தனிக் கலை. அதோடு நீதிமன்ற அலுவலகங்களுக்கு ஓடுவது, முத்திரை போட்டு வருவது, அழைப்பாணையைச் சேர்ப்பிப்பது, பாரிஸ்டரின் அறைக்கு வழக்குக் கட்டைக் கொண்டுபோவது ஆகிய வேலைகளும் இருந்தன. அக்கறையுள்ள எஜமானர் கிடைத்தால் பையன் பிளாக்ஸ்டனின் சட்ட விளக்க நூலையும் நடைமுறை நூல்களையும் படித்தான். நல்ல பத்திரங்களின் படிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டான். அந்தக் குறிப்பேடு பிற்காலத்தில் அவனுக்குப் பெரும் சொத்து.

எஜமானர் அக்கறையற்றவர் என்றால் ஐந்தாண்டும் நகலெடுப்பிலேயே கழிந்தது. நீதிபதி சோதிப்பார் என்று 1729 சட்டம் சொன்னாலும், அந்தச் சோதனை காலப்போக்கில் வெறும் சடங்காகிவிட்டது. ஒப்பந்தமும் ஐந்தாண்டுக் கணக்கும் சரியாக இருந்தால் போதும் என்ற நிலை.

1825இல் நிறுவப்பட்டு 1831இல் அரச சாசனம் பெற்ற சட்டச் சங்கம் இந்த நிலையை மாற்றியது. லண்டன் சான்சரி லேனில் தன் கட்டடத்தில் எழுத்தர்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்தியது. 1836இல் நீதிபதிகளின் விதிப்படி முதல் எழுத்துத் தேர்வு நடந்தது. தேர்வின் முதற்பகுதியில், யாரிடம் வேலை பார்த்தாய், எந்தத் துறையில் அதிகம் பழகினாய், எந்த நூல்களைப் படித்தாய் என்பன போன்ற கேள்விகள் இருந்தன. சட்டக் கேள்விகள் அதன்பின் வந்தன. 1860ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று தேர்வுகளை வகுத்தது: ஒப்பந்தத்துக்கு முன் பொதுக்கல்வித் தேர்வு, நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று. பட்டதாரிகளுக்குச் சலுகையும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் பட்டதாரிகளுக்கு 1821 முதலே ஐந்தாண்டு மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டிருந்தது.

அதே 1860 சட்டம் ஒப்பந்தக் காலத்தில் எழுத்தர் வேறு வேலை பார்ப்பதையும் தடுத்தது. மாலையில் கணக்கெழுதியோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியோ சம்பாதித்துப் படிக்கலாம் என்று எண்ணிய ஏழைப் பையனுக்கு அந்த வழியும் அடைபட்டது.

செருப்பு தைத்தவரின் மருமகன்

இந்த வேலியைத் தாண்டியவர்களில் மிகப் புகழ்பெற்றவர் டேவிட் லாய்ட் ஜார்ஜ். குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வேல்சின் வடமேற்கில் லானிஸ்டம்டுவி என்ற சிற்றூரில் தாய்மாமன் ரிச்சர்ட் லாய்ட் குடும்பத்தைத் தாங்கினார். அவர் செருப்பு தைப்பவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் போதிப்பவர். மருமகனை வழக்குரைஞர் ஆக்குவது என்று முடிவானபோது முதல் தடை பொதுக்கல்வித் தேர்வு. அதற்கு லத்தீனும் இன்னொரு மொழியும் வேண்டும். ஊர்ப் பள்ளியில் பிரெஞ்சு இல்லை. மாமன் இலக்கண நூலும் அகராதியும் வைத்துக்கொண்டு, தாம் முதலில் கற்று, பிறகு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பையன் தேறினான்.

இரண்டாம் தடை பணம். முத்திரை வரி மட்டுமே 80 பவுண்டு. பிரீமியம் தனி. குடும்பத்தின் சேமிப்பு அதில் கரைந்தது. 1879இல் போர்த்மடாக்கில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1884இல், லாய்ட் ஜார்ஜ் இறுதித் தேர்வில் தேறிச் சொலிசிட்டர் ஆனார். 1916இல் பிரதமரானார். பிரிட்டனின் பிரதமர்களில் சொலிசிட்டராகத் தகுதி பெற்றவர் அவர் மட்டுமே. அவருடைய கதை ஏழையும் முன்னேறலாம் என்பதற்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஒரு குடும்பம் தன் சேமிப்பை ஒரே பிள்ளையின் மேல் வைத்த சூதாட்டம் அது என்றும் அதைப் படிக்கலாம். அத்தகைய மாமன் இல்லாத பையன்களின் பெயர் எந்த வாழ்க்கை வரலாற்றிலும் வரவில்லை.

பத்தாண்டு எழுத்தர்கள்

ஒப்பந்தம் வாங்க முடியாதவர்கள் கூலி எழுத்தர்களாகவே வாழ்நாளைக் கழித்தார்கள். அவர்களில் திறமையானவர்கள் 'மேலாண்மை எழுத்தர்' ஆனார்கள். பல அலுவலகங்களில் நடைமுறைச் சட்டம் முழுவதும் இவர்கள் தலைக்குள்தான் இருந்தது. ஒப்பந்தத்தில் புதிதாக வந்த பணக்காரப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் பெரும்பாலும் இவர்களே. அந்தப் பையன் ஐந்தாண்டில் சொலிசிட்டர் ஆகிவிடுவான். கற்றுக்கொடுத்தவர் எழுத்தராகவே இருப்பார்.

1860 சட்டம் இவர்களுக்காக ஒரு சிறு வாசலைத் திறந்தது. பத்தாண்டுகள் நேர்மையாக எழுத்தர் வேலை பார்த்தவர் ஐந்துக்குப் பதில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சொலிசிட்டர் ஆகலாம். இவர்களுக்கு 'பத்தாண்டு எழுத்தர்கள்' என்ற பெயர் வந்தது. முப்பது வயதுக்கு மேல், குடும்பத்தோடு, வருமானத்தைப் பாதுகாத்துக்கொண்டு படித்துத் தேற வேண்டியிருந்ததால் வாசல் குறுகியதுதான். என்றாலும் செய்த வேலையையே தகுதியாக ஏற்றுக்கொண்ட முதல் விதி இது. மேலாண்மை எழுத்தர்கள் 1892இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1963இல் அதிலிருந்து சட்ட நிருவாகிகளுக்கான நிறுவனம் உருவானது. இன்று 'சைலெக்ஸ்' எனச் சுருக்கமாக வழங்குவது இதன் வாரிசு.

பெண்கள்

1729 சட்டமோ பின்வந்த சட்டங்களோ பெண்கள் சேரக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. 1843ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொது விளக்கமும் இருந்தது. 1912இல் குவினெத் பெப், மாட் இங்கிரம், கேரின் காஸ்டலோ, லூசி நெட்டில்ஃபோல்டு ஆகிய நால்வர் முதற்கட்டத் தேர்வுக்கு விண்ணப்பித்தனர். சட்டச் சங்கம் மறுத்தது. பெப் வழக்குத் தொடுத்தார். பெண் ஒருத்தி அட்டர்னியாக இருந்ததே இல்லை என்ற நீண்ட வழக்கத்தைக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1913இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத தடையை வழக்கம் தந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் வந்த பால் தகுதியின்மை நீக்கச் சட்டம் இந்தத் தடையை அகற்றியது. 1922 டிசம்பரில் கேரி மாரிசன் இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவு பெற்றார். சட்டம் வழிவிட்டாலும் ஒப்பந்தம் எழுத ஒரு சொலிசிட்டர் சம்மதிக்க வேண்டுமே. அலுவலகத்தில் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் எஜமானரைத் தேடுவது பல பத்தாண்டுகள் தனிப் போராட்டமாகத் தொடர்ந்தது. தொழிற்பயிற்சி முறையின் நிலையான பலவீனம் இது. தேர்வு எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்துக்கு இன்னொருவரின் கையெழுத்து வேண்டும்.

கடல் கடந்த ஒப்பந்தம்

பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் இந்த ஒப்பந்தமும் போனது. பம்பாய், கல்கத்தா, சென்னை உயர் நீதிமன்றங்களிலும் அட்டர்னிகள் இருந்தனர். பம்பாயில் சொலிசிட்டர் தேர்வும் ஆர்ட்டிக்கிள் முறையும் இன்றுவரை நீடிக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் காந்தி, தாம் லண்டனில் பாரிஸ்டராகத் தகுதி பெற்றவர் என்றாலும், ஜோகன்னஸ்பர்க்கில் அட்டர்னியாகத் தொழில் நடத்தினார். அவரிடம் ஒப்பந்த எழுத்தராகச் சேர்ந்த ஹென்றி போலக் 1908இல் அட்டர்னி ஆனார்.

அதே நகரில் 1940களின் தொடக்கத்தில் நெல்சன் மண்டேலா ஒரு வெள்ளையர் சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு கறுப்பின இளைஞருக்கு அங்கே ஒப்பந்தம் கிடைப்பது அரிது. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே கௌர் ராடிபே என்ற கறுப்பின எழுத்தர் இருந்தார். அரசியலில் முனைப்பானவர், வாய்த்துடுக்கும் மிக்கவர். தாம் அங்கு இருக்கும்வரை மண்டேலாவின் ஒப்பந்தத்தில் முதலாளிகள் கையெழுத்திட மாட்டார்கள் என்று கணித்த அவர், தாமே வேலையை விட்டு விலகினார். மண்டேலா தம் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1943இல் அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 1952இல் அட்டர்னி ஆனார்.

பட்டதாரிகளின் காலம்

இங்கிலாந்தில் 1922இல் ஓராண்டுச் சட்டப் பள்ளிப் படிப்பு கட்டாயமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரீமியம் படிப்படியாக மறைந்தது. எழுத்தருக்குச் சிறு சம்பளம் கொடுப்பது வழக்கமாயிற்று. இன்னொரு பக்கம், பல்கலைக்கழகப் பட்டம் எதிர்பார்க்கப்படும் ஒன்றாக மாறியது. 1971இல் ஆர்ம்ராட் குழு சட்டத்தைப் பட்டதாரிகளின் தொழிலாக்கப் பரிந்துரைத்தது. பள்ளி முடித்து ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பழைய பாதை அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய மூடிக்கொண்டது. 1990களில் 'ஆர்ட்டிக்கிள்' என்ற பெயரும் போய் இரண்டாண்டுப் 'பயிற்சி ஒப்பந்தம்' வந்தது. பட்டத்துக்குப் பின், பயிற்சிக்கு முன், ஓராண்டுத் தொழில்முறைப் படிப்பும் இருந்தது.

பணச்சுமை மீண்டும் மாணவர் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் 2012 முதல் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை கட்டணம் வாங்கலாம் என்றானது. மூன்றாண்டுக்கு 27,000 பவுண்டு. தொழில்முறைப் படிப்புக்குப் பல இடங்களில் மேலும் 10,000 பவுண்டுக்கு மேல். இவ்வளவு கடனையும் வாங்கி முடித்தவருக்குப் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைக்காதவர்கள் துணைச் சட்டப் பணியாளர்களாக, பட்டத்தோடு, அதே அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார்கள். விக்டோரியா காலத்து மேலாண்மை எழுத்தர் வேறு உருவில் திரும்பி வந்தார்.

2016ஆம் ஆண்டுத் திட்டம்

சொலிசிட்டர் தொழிற்பயிற்சிக்கான தரவரைவு 2015இல் ஒப்புதல் பெற்று, அடுத்த ஆண்டு முதல் அணி சேர்ந்தது. இது ஏழாம் நிலைத் தொழிற்பயிற்சி, அதாவது முதுகலைப் பட்டத்துக்கு ஒப்பான நிலை. பதினெட்டு வயதில் சேர்பவருக்கு ஐந்து முதல் ஆறு ஆண்டுகள். வாரத்தில் ஏறத்தாழ ஒரு நாள் படிப்பு, மற்ற நாட்களில் அலுவலக வேலை. பலருக்கு இடையில் சட்டப் பட்டமும் கிடைத்துவிடுகிறது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் 2017 ஏப்ரல் முதல் அதில் 0.5 விழுக்காட்டைத் தொழிற்பயிற்சித் தீர்வையாகக் கட்டுகிறார்கள். அந்தத் தொகையைத் தங்கள் பயிற்சியாளர்களுக்காகத் திரும்பப் பயன்படுத்தலாம். சிறு நிறுவனங்களுக்குச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. ஒரு சொலிசிட்டர் பயிற்சியாளருக்கு இவ்வாறு எடுக்கக்கூடிய உச்சத் தொகை 27,000 பவுண்டு என வகுக்கப்பட்டது. தந்தை எஜமானருக்குக் கொடுத்த காலம் போய், எஜமானர் பையனுக்காகக் கொடுக்கும் காலம் வந்தது.

தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். 2021 செப்டம்பரில் சொலிசிட்டர் தகுதித் தேர்வு என்ற பொதுத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. முதற்கட்டத்தில் இரண்டு தாள்களில் மொத்தம் 360 பலவிடைத் தெரிவுக் கேள்விகள். இரண்டாம் கட்டத்தில் 16 செயல்முறைப் பணிகள்: கட்சிக்காரரை நேர்காண்பது, நீதிமன்றத்தில் வாதிடுவது, ஆவணம் வரைவது, சட்டத்தைத் தேடி எடுப்பது போன்றவை. 1836இல் 'யாரிடம் வேலை பார்த்தாய்' என்று கேட்ட தேர்வு, இப்போது அந்த வேலையையே செய்துகாட்டச் சொல்கிறது. ஆறாண்டுகள் கட்சிக்காரர்களோடு பழகிய பயிற்சியாளர்களுக்கு இந்த இரண்டாம் கட்டம் ஒத்துவருவதில் வியப்பில்லை.

குறைகளும் உண்டு. இடங்கள் குறைவு. கட்டணம் இல்லாத, சம்பளமும் தரும் வழி என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இதற்கே போட்டியிடத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் உயர்ந்த பள்ளி மதிப்பெண்களைக் கேட்கின்றன. பதினெட்டு வயதில் ஒரு நேர்காணலைச் சமாளிக்கும் பழக்கம் எந்த வீட்டில் கிடைக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் முன்பு போலவே இன்னொருவர் கையெழுத்தில் இருக்கிறது.

2026ஆம் ஆண்டு மாற்றம்

இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பதினெட்டு வயதினர் மட்டும் அல்லர். ஏற்கெனவே பட்டம் பெற்றுத் துணைப் பணியாளர்களாக இருந்தவர்கள், குழந்தை வளர்ப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பிய தாய்மார்கள், பல ஆண்டுகள் சட்ட நிருவாகியாக இருந்தவர்கள் எனப் பலரும் இதன் வழியாகச் சொலிசிட்டர் ஆனார்கள். முன் தகுதி இருந்தால் காலமும் குறைந்தது. 1860இன் பத்தாண்டு எழுத்தருக்குக் கிடைத்த சலுகை இவர்களுக்கு இன்னும் தாராளமாகக் கிடைத்தது.

2025 மே மாதத்தில் பிரிட்டன் அரசு ஒரு மாற்றத்தை அறிவித்தது. 2026 சனவரி முதல் ஏழாம் நிலைத் தொழிற்பயிற்சிகளுக்கான அரசு நிதி, தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. அரசுக் காப்பகத்தில் வளர்ந்தவர்கள், கல்வி–உடல்நல–பராமரிப்புத் திட்டம் பெற்ற மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 25 வயதுக்குள் என விலக்கு உண்டு. பணத்தை இளையவர்களுக்கும் தொடக்க நிலைப் பயிற்சிகளுக்கும் திருப்புவது அரசு சொன்ன காரணம். அதில் நியாயம் உண்டு. நல்ல சம்பளம் வாங்கும் மேலாளர்களின் உயர்படிப்புக்கும் இதே நிதி போய்க்கொண்டிருந்தது. ஆனால் கணக்காளர், சொலிசிட்டர் போன்ற தொழில்களில் ஏழாம் நிலை என்பதே நுழைவாயில் என்ற வேறுபாடு இந்த வயது வரம்பில் காணாமல் போனது.

பள்ளி முடித்து நேராக வருபவருக்கு இதனால் இழப்பில்லை. இருபத்திரண்டு வயதைக் கடந்த துணைப் பணியாளருக்கு மூன்று வழிகள் எஞ்சியிருக்கின்றன. நிறுவனம் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அல்லது சைலெக்ஸ் வழியாகப் படிப்படியாக ஏற வேண்டும். அல்லது இரண்டாண்டு தகுதிநிலைப் பணி அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, தகுதித் தேர்வின் கட்டணத்தைத் தாமே கட்ட வேண்டும். அத்தேர்வு தொடங்கிய 2021இல் இரு கட்டங்களுக்கும் சேர்த்து 3,980 பவுண்டாக இருந்த அந்தக் கட்டணம் அதன்பின் பலமுறை உயர்ந்திருக்கிறது. தயாரிப்பு வகுப்புகளுக்கான செலவு அதில் அடங்காது.